பகண்டா மக்களின் ஈமக்கடனும் துக்க மரபும்

ஒரு மக்கட் கூட்டத்தார் தம்முள் ஒருவர் இறந்தவிடத்து என்ன செய்கின்றனர் என்பதை நுணுகி நோக்கினால், வாழ்வைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள கருத்து எத்தகையது என்பதும் புலனாகும். சிலர், பிரிந்த உயிர் சென்றடையும் உலகத்தைப் பற்றியே பெரிதும் சிந்திப்பர். சிலர், உயிர் நீங்கிய உடலைப் பேணுவதிலே கருத்தைச் செலுத்துவர். கிழக்கு ஆபிரிக்காவில் வாழும் பகண்டா மக்களோ இவற்றோடு வேறொரு வினாவையும் எழுப்புகின்றனர். இறந்தவர் நின்ற இடத்தில் இனி நிற்பவர் யார் என்பதே அவ்வினா. அதற்கு விடை கிடைக்கும் வரையில் அவர்களுடைய வீட்டில் மரணம் முற்றுப்பெறுவதில்லை.

விக்டோரியாப் பேரேரியின் வடகரையை ஒட்டிக் கிடக்கும் பசுமையான குன்றுகள் நிறைந்த நிலமே புகண்டா. வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர்கள் அக்குன்றுகளின் சாரலெங்கும் காணப்படும். நாட்டின் பெயர் புகண்டா, மக்கள் பகண்டா, அவருள் ஒருவரைக் குறிப்பது முகண்டா, அவர்கள் பேசும் மொழி லுகண்டா. சொல்லின் முன்னே நிற்கும் எழுத்து மாறப் பொருளும் மாறுவது அம்மொழியின் இயல்பு. உகண்டா என்னும் முழு நாட்டின் பெயரும் இந்தப் புகண்டாவிலிருந்து பிறந்ததே. நாட்டின் தலைநகரான கம்பாலாவும் புகண்டாவின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றது. புகண்டாவின் மன்னரைக் கபாகா என்பர்.

பகண்டா மக்கள் 50க்கு மேற்பட்ட குலங்களாகப் பிரிந்துள்ளனர். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலக்குறி உண்டு. சிங்கம், சிறுத்தை, புனுகுப்பூனை, அழுங்கு, ஏரியில் வாழும் நுரையீரல் மீன் என்பன அவற்றுட் சில. தம் குலக்குறியாகிய உயிரை அக்குலத்தார் உண்ணார். பிள்ளைகள் தந்தையின் குலத்தையே சேர்வர். ஒரு குலத்தார் தம் குலத்துள்ளேயே மணஞ்செய்தல் பொதுவாக ஆகாது. ஆதலின் ஒரே வீட்டில் தந்தையும் பிள்ளைகளும் ஒரு குலத்தவராயும், தாய் வேறொரு குலத்தவளாயும் இருப்பர். இச்செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளல் நலம். வாரிசைத் தேரும் முறையை விளங்கிக்கொள்ள இது துணை செய்யும். இன்னுமொன்று கருதத்தக்கது. குலத்தின் உட்பிரிவுகளுக்கு அம்மக்கள் இட்டுள்ள பெயர்கள் கூரை முகடு, அடுப்புக்கல், முற்றம் என்றவாறு வீட்டோடு தொடர்புடையனவாய் அமைந்துள்ளன. குலம் முழுவதையும் ஒரு பெரிய இல்லமாகவே அவர்கள் கண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

மரணம் உலகுக்கு எவ்வாறு வந்தது என்பதை விளக்க அவர்களிடையே ஒரு பழங்கதை வழங்கி வருகின்றது. முதல் மனிதன் கிண்டு என்பவன். அவன் வானுலகத் தலைவனாகிய குலுவின் மகள் நாம்பியை மணந்தான். மணமக்கள் பூமிக்குப் புறப்பட்டபோது குலு ஓர் எச்சரிக்கை செய்தான். “விரைந்து செல்லுங்கள், எதனை மறந்தாலும் திரும்பி வாராதீர்கள், நாம்பியின் சகோதரன் வலும்பே அறிந்தால் உங்களோடு வந்துவிடுவான்” என்பதே அது. வலும்பே என்பது மரணத்தின் பெயர். வழிநடுவே, கோழிக்கு இரையாகக் கொண்டுவர வேண்டிய குரக்கனை மறந்துவிட்டமை நினைவுக்கு வந்தது. அதனை எடுக்க நாம்பி திரும்பிச் சென்றாள். அவளைக் கண்ட வலும்பேயும் பின்தொடர்ந்து பூமிக்கு வந்து சேர்ந்தான்.

காலம் சென்றது. கிண்டுவுக்குப் பிள்ளைகள் பலர் பிறந்தனர். தனக்குச் சமையலில் உதவ ஒரு பிள்ளையைத் தருமாறு வலும்பே கேட்டான், கிண்டு மறுத்தான். மீண்டும் கேட்டான், மீண்டும் மறுத்தான். அதன்மேல் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மடியத் தொடங்கினர். கிண்டு வானுலகத்திடம் முறையிட்டான். வலும்பேயைப் பிடித்துச் செல்வதற்காக அவனுடைய சகோதரன் காயிக்கூசி அனுப்பப்பட்டான். வலும்பே நிலத்தினுள் புகுந்து ஒளிந்தான். காயிக்கூசி நிலத்தைத் தோண்டித் தோண்டித் தேடினான். புகண்டாவின் மேற்குப் பகுதியில் தண்டா என்னுமிடத்தில் உள்ள ஆழ்குழிகள் அவ்வாறு தோண்டப்பட்டவையே என்று மக்கள் இன்றும் காட்டுவர். வலும்பே வெளிப்படும்போது எவரும் குரல் எழுப்பலாகாது என்பது காயிக்கூசி இட்ட கட்டளை. ஆனால் வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் அவனைக் கண்டு அச்சத்தால் கூவிவிட்டனர். அவன் மறுபடியும் நிலத்தினுள் மறைந்தான். காயிக்கூசி சோர்ந்துபோய் வானுலகம் திரும்பினான். அப்பொழுது கிண்டு கூறிய விடையே கதையின் உயிர்நிலை. வலும்பே கொல்வதாயின் கொல்லட்டும். ஆயினும் பிள்ளைகள் பிறந்துகொண்டேயிருப்பர். அனைவரையும் கொன்று முடிக்க அவனால் ஒருகாலும் இயலாது என்றான் அவன்.

இக்கதையில் மரணம் தோற்கடிக்கப்படவில்லை. அதற்கு முழு வெற்றியும் கிட்டவில்லை. பகண்டா மக்களின் துக்கச் சடங்குகள் யாவும் இந்த நடுநிலையிலிருந்தே எழுகின்றன. மரணத்தால் உண்டாகும் துக்கத்தையும் அது நிலவும் காலத்தையும் அவர்கள் லும்பே என்பர். வலும்பேயின் பெயரும் இச்சொல்லும் ஒரே வேரினவாதல் காண்க.

ஒரு வீட்டில் உயிர் பிரிந்ததும் பெண்களின் அழுகுரல் எழும். அவ்வொலியே ஊருக்கு முதல் அறிவித்தல். முற்காலத்தில் முதுமையால் நேரும் சாவு தவிர மற்றைய சாவுகளைப் பெரும்பாலும் சூனியத்தின் விளைவாகவோ ஆவிகளின் சினத்தின் விளைவாகவோ கருதினர். ஆகையால் துக்க வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழாதவர்மேல் ஐயம் விழுவதும் உண்டு. வருபவர் வீட்டாரைக் கண்டதும் “கிதாலோ” என்பர். பெருந்துயர், கொடுமை என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஆறுதல் மொழி அங்கே வேண்டப்படுவதில்லை. இரட்டைப் பிள்ளைகளுள் ஒன்று இறந்தால் மட்டும் இறந்தது என்று சொல்லார். பறந்து போயிற்று என்பர்.

வானொலி வந்த பிறகு அழுகுரலின் பணியை அதுவும் ஏற்றுக்கொண்டது. இன்னார் மறைந்தார், இன்ன குலத்தவர், இன்ன ஊரில் அடக்கம், இன்ன நேரம் என்ற அறிவித்தல்கள் லுகண்டா மொழி ஒலிபரப்பில் நாள்தோறும் இடம்பெற்று வந்துள்ளன. மரண அறிவித்தல் ஒலிக்கும்போது வீட்டிலுள்ளோர் பேச்சை நிறுத்திச் செவிசாய்க்கும் பழக்கம் இந்நாட்டு நேயர்களுக்கும் புதிதன்று. அடக்கம் பெரும்பாலும் பத்தாம் மணிக்கு என்று அங்கு அறிவிப்பர். பகற்பொழுதின் நாழிகைகளை விடியலிலிருந்து எண்ணுவது அவர்கள் வழக்கமாதலின், அது மாலை நான்கு மணியைக் குறிக்கும்.

ஊரில் பிரேதம் அடக்கம் செய்யப்படாமல் இருக்கும் வரையில் எவரும் தோட்டத்தில் மண்வெட்டி எடுத்து வேலை செய்தலாகாது. இறந்தவர் உறவினராயினும் அல்லராயினும் இவ்விதி அனைவர்க்கும் பொது. பிரேதம் வீட்டினுள் கிடத்தப்பட்டிருக்கும். பெண்கள் அதனைச் சூழ்ந்து தரையில் அமர்ந்திருப்பர். ஆடவர் முற்றத்தில் தீ மூட்டி, இரவெல்லாம் அதனைச் சுற்றிக் கண்விழித்திருப்பர்.

பிரேதத்தைப் பொதிவதற்குரிய துணி மரவுரி. பழைய காப்பியங்களில் மட்டும் தமிழர் அறிந்துள்ள மரவுரி புகண்டாவில் இன்றும் வழக்கில் இருக்கின்றது. முட்டுபா என்னும் அத்தி வகை மரத்தின் உட்பட்டையை மழைக்காலத்தில் உரித்தெடுப்பர். திறந்த கொட்டிலின் கீழ் அமர்ந்து, வரி செதுக்கிய மரச் சுத்தியல்களால் அதனை நெடுநேரம் அடிப்பர். அடிக்க அடிக்கப் பட்டை மெலிந்து அகன்று, மென்மையான துணியாக மாறும்; வெயிலில் உலர்த்தச் செம்மண் நிறம் பெறும். உரிக்கப்பட்ட மரத்தை வாழையிலையால் சுற்றிக் காப்பர். மரம் பட்டுப்போகாது, புதிய பட்டை வளர்த்துக்கொள்ளும், பிறிதோர் ஆண்டில் மீண்டும் உரிக்க இடங்கொடுக்கும். இத்தொழிலில் நீர்நாயைக் குலக்குறியாகக் கொண்ட குலத்தாரே தலைமை பெற்றவர். அராபிய வணிகர் 19ஆம் நூற்றாண்டில் பருத்தித் துணியைக் கொண்டுவந்த பின்னர் மரவுரி உடுக்கும் வழக்கம் குன்றியது. எனினும் மரணச் சடங்கிலும் முடிசூட்டு விழாவிலும் அதன் இடத்தைப் பருத்தி பெறவில்லை. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இக்கைத்தொழிலை மனிதகுலத்தின் அருமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

உறவினரும் நண்பரும் இறந்தவரைப் பொதிய ஆளுக்கொரு மரவுரி கொண்டுவருதல் பண்டை வழக்கம். செல்வாக்குடையவரின் பிரேதம் பல மரவுரிகளுள் பொதியப்படும். இக்காலத்தில் வருபவர் பணம் கொடுக்கின்றனர். ஆயினும் அப்பணத்துக்கு அமபுகோ என்றே பெயர். மரவுரிகளைக் குறிக்கும் எம்புகோ என்னும் சொல்லின் வழிவந்தது அது. பொருள் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. கொடுத்தவர் பெயரும் தொகையும் குறித்துவைக்கப்படுவதும் உண்டு. நாளை அவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் இவ்வீட்டார் செல்லவேண்டுமன்றோ?

அடக்கம் செய்யும் இடமும் ஒரு பெரும் பொருளைத் தாங்கி நிற்கின்றது. பொது இடுகாடு பண்டைய பகண்டா மக்களிடம் இல்லை. குலத்தவரின் புதைநிலத்தில் முன்னோர் பக்கத்திலே புதைப்பதே மரபு. எங்கே ஒரு குலத்தின் முன்னோர் உறங்குகின்றனரோ அந்த நிலம் அக்குலத்துக்குரியது. அவர்களே அந்நிலத்தின் பட்டாகா, அதாவது மண்ணுக்குரியவர். எழுதிய உறுதி எதுவும் வேண்டியதில்லை, கல்லறையே உறுதி. 1900ஆம் ஆண்டில் பிரித்தானியரோடு செய்த உடன்படிக்கையால் நிலம் சதுர மைல் கணக்கில் அளக்கப்பட்டு, கபாகாவுக்கும் அரச குடும்பத்தார்க்கும் தலைவர்களுக்கும் தனியுடைமையாகப் பங்கிடப்பட்டது. மைல் என்னும் சொல்லே மைலோ என்று திரிந்து இன்றும் அந்நிலவுரிமையின் பெயராய் வழங்குகின்றது. அப்பங்கீட்டில் குலத்தாரின் புதைநிலங்கள் பல பிறர் கைக்குச் சென்றன. தம் பாட்டனார் கல்லறையை நாடிச் செல்பவர் அயலானின் நிலத்தில் கால்வைப்பவராயினர். 1920களில் குலத் தலைவர்கள் ஒன்றுகூடி நடத்திய பட்டாகா கிளர்ச்சிக்கு இதுவே முதற்காரணம். அரசாங்கம் அவர்கள் முறையீட்டை விசாரணை செய்தது. ஆனால் பங்கிட்ட நிலம் திரும்பவில்லை.

அடக்கம் நிறைவுற்றதும் துக்கம் முடிந்ததெனக் கொள்வது பிற மக்கள் பலரின் வழக்கம். பகண்டா மரபில் அப்போதுதான் லும்பே தொடங்குகின்றது. உடல் மண்ணுட் சென்றது. ஆனால் சாவு இன்னும் வீட்டிலேயே தங்கியிருக்கின்றது என்பது அவர்கள் கருத்து. முன்னாளில் துக்கங் காப்போர் தலைமயிர் களையாமலும் நகம் வெட்டாமலும் இருந்தனர். நெருங்கிய உறவினர் சில காலம் அவ்வீட்டிலேயே தங்கினர். இந்நிலை சில வாரங்களோ சில மாதங்களோ, சிலவிடத்து ஆண்டுகளோ நீடிப்பதுண்டு. குலத்தார் கூடி நாள் குறித்த பின்னரே அதற்கு முடிவு உண்டாகும்.

அந்த முடிவுச் சடங்கின் பெயர் ஒக்வாப்யா ஒலும்பே. மரணத்தை உடைத்தெறிதல் எனத் தமிழில் சொல்லலாம். உறவினர் முதல்நாளே வந்து கூடுவர். அவர்கள் தங்குவதற்கு வாழையிலை வேய்ந்த சிறு பந்தல்கள் எழும். வாழைக்காயைச் சீவி, இலையில் பொதிந்து, ஆவியில் அவித்த மட்டோக்கே என்னும் உணவும் இறைச்சியும் பரிமாறப்படும். கனிந்த வாழைப்பழச் சாற்றைச் சோளத்தோடு புளிக்கவைத்த மது குடங்குடமாக வரும். இரவெல்லாம் முரசு அதிரும். ஆடலும் பாடலும் நிகழும். அழுகை நிறைந்திருந்த முற்றத்தில் இத்துணை ஆரவாரம் தகுமோ எனப் புதியவர் வியக்கலாம். அங்கே கூடியவர் இறந்தவரை மறந்தவரல்லர். வீட்டில் குடியிருந்த சாவைத் துரத்துவதற்கு வந்தவர். விடிந்ததும் துக்கத் தீயின் எச்சங்கள் அகற்றப்படும், மயிர் களையப்படும். இச்சடங்குகளில் குலத்துப் பெண்களின் மக்களாகிய மருமக்களுக்குத் தனியிடம் உண்டு. அவர்கள் வேறு குலத்தவராதலின், தாய்மாமன் வீட்டுத் தீட்டைத் தாம் எடுத்து அகற்ற வல்லவர் எனக் கருதப்பட்டனர்.

இவையனைத்துக்கும் சிகரமாக அமைவது வாரிசை நிறுத்துதல். வாரிசாக வருபவரை முசிகா என்பர். குலத்து மூத்தோர் ஆராய்ந்து அவரைத் தெரிவுசெய்வர். இறந்தவர் தம் விருப்பத்தை முன்னரே சொல்லியோ எழுதியோ வைத்திருந்தால் அதனையும் மதிப்பர். மூத்த மகனே வாரிசாதல் வேண்டுமென்ற விதி இல்லை. இளையவரோ, சகோதரரோ, அவர் மகனோ ஆகலாம். குலத்தவராயிருத்தல் மட்டும் இன்றியமையாதது. தெரிவுசெய்யப்பட்டவர் வீட்டு வாயிலில் மரவுரியைத் தோளில் முடிந்து நிற்பார். அவர் பக்கத்தில் லுபுகா எனப்படும் சகோதரி முறையான பெண் ஒருத்தி துணைநிற்பாள். மூத்தவர் ஒருவர் அவர் கையில் ஈட்டியைக் கொடுத்து, இவ்வீட்டைக் காப்பாயாக, பிள்ளைகளுக்குத் தந்தையாவாயாக, வருபவர்க்குக் கதவைத் திறந்துவைப்பாயாக என்ற கருத்தில் கடமைகளை எடுத்துரைப்பார்.

பெண்ணொருத்தி இறந்தால் அவளுக்கும் முசிகா உண்டு. அம் முசிகாவும் பெண்ணே. இங்கேதான் குலப்பிரிவின் விளைவு தெளிவாகத் தோன்றும். இறந்தவளின் மகள் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவளாதலின் தன் தாய்க்கு வாரிசாக நிற்றல் இயலாது. இறந்தவளின் சகோதரன் மகள்போன்ற அவளுடைய குலத்துப் பெண்ணே வருதல் வேண்டும். அவள் கையில் ஈட்டிக்குப் பதிலாக வாழைக்காய் சீவும் கத்தி கொடுக்கப்படும். ஒருவர் காத்தற்குரியவர், மற்றவர் ஊட்டுதற்குரியவர் என்பது குறிப்பு.

வாரிசு நின்ற அக்கணத்திலிருந்து உறவுமுறை மாறுகின்றது. இறந்தவரின் பிள்ளைகள் அவரை அப்பா என்றோ அம்மா என்றோ அழைப்பர். வாரிசு பத்து வயதுச் சிறுவனாயினும், நரைத்த தலையர் ஒருவர் அவன்முன் நின்று தந்தையென்று விளிப்பதைக் காணலாம். இது விளையாட்டன்று. இறந்தவர் பிறர்க்குச் செய்யவேண்டியிருந்த கடமைகள் அனைத்தும் அச்சிறுவனைச் சேர்கின்றன. அவன் வளரும் வரையில் அவற்றை நடத்த ஒரு பாதுகாவலர் நியமிக்கப்படுவார். சொத்தில்லாத ஏழைக்கும் வாரிசு நிறுத்துவது மரபு என்பதிலிருந்து, இச்சடங்கு பொருளைக் கைமாற்றுவதற்கு மட்டும் எழுந்ததன்று என்பது விளங்கும். கைமாறுவது ஓர் இடம்.

மன்னர்க்கும் இந்நெறியே உரியது. அளவு மட்டும் பெரிது. கபாகா இறந்தார் என்று சொல்லுதல் ஆகாது. புகண்டாவின் தீ அணைந்தது என்றே கூறுவர். அரண்மனை வாயிலில் அவர் ஆட்சிக்காலம் முழுவதும் எரிந்துகொண்டிருந்த தீ அப்போது உண்மையாகவே அணைக்கப்படும். புதிய மன்னரோடு புதிய தீ மூட்டப்படும். பண்டைக்காலத்தில் மன்னரின் தாடையெலும்பைப் பிரித்தெடுத்து, அதற்கெனத் தனிக்கோயில் அமைத்துப் போற்றினர். 1884ஆம் ஆண்டில் மறைந்த முதலாம் முட்டேசா மன்னரே தாடை பிரிக்கப்படாமல் முழு உடலோடு அடக்கம் செய்யப்பட்ட முதல் கபாகா ஆவார். கம்பாலாவிலுள்ள கசுபிக் குன்றில் அவர் வாழ்ந்த பெரிய புல்வேய்ந்த மாளிகையே அவர் கல்லறையாயிற்று. பின்னர் மறைந்த மூன்று கபாகாக்களும் அங்கேயே அடக்கம் பெற்றனர். மாளிகையினுள்ளே மரவுரித் திரை ஒன்று தொங்கும். திரைக்கப்பால் உள்ள பகுதியைக் காடு என்பர். மன்னர்கள் இறக்கவில்லை, அக்காட்டினுள் சென்றுள்ளனர் என்பது நம்பிக்கை. மன்னரின் தேவியர் திரைக்கு முன்னே காவலிருப்பர். அத்தேவியர் இறந்தபோது அவரவர் குலத்திலிருந்து வேறொரு பெண் அதே பெயரோடு அவ்விடத்துக்கு வருவாள். இவ்வாறே ஒரு நூற்றாண்டு கடந்தும் முட்டேசாவின் தேவியர் கசுபியில் இருந்து வந்துள்ளனர்.

இந்த நெறி தனிமனிதரின் விருப்பத்தோடு மோதிய காலமும் உண்டு. கபாகா இரண்டாம் தாவூதி சுவா 1939ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய துணைவியும் புதிய மன்னரின் தாயுமாகிய அம்மையார் 1941ஆம் ஆண்டில் மறுமணஞ் செய்ய விரும்பினார். மன்னரின் தாய்க்கு மறுமணம் கூடாதென்பது மரபு. அவர் ஒரு விதவை மட்டுமல்லர். நமசோலே என்னும் அரசபதவி வகிப்பவர். நாட்டில் எழுந்த கொந்தளிப்பில், மணத்துக்கு இசைந்த முதலமைச்சர் மார்ட்டின் லூதர் இன்சிபிர்வா பதவி துறக்க நேர்ந்தது. நமசோலே என்னும் இடத்தின் மதிப்பைக் காக்க எண்ணிய மக்கள், அவ்விடத்தில் இருந்த பெண்ணின் மனத்தை எண்ணிப் பார்த்தனரா என்ற வினா எழாமற் போகாது.

வாரிசு நிற்றலின் உட்பொருளை விளக்க இன்னொரு நிகழ்ச்சி போதும். 1966ஆம் ஆண்டில் அரண்மனை தாக்கப்பட்டபோது தப்பிச் சென்ற கபாகா இரண்டாம் முட்டேசா, 1969ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் காலமானார். மன்னராட்சி 1967ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டில் அவர் உடல் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் கசுபியில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய இளம் மகன் முவெண்டா முட்டெபி தந்தையின் உடலை மரவுரியால் போர்த்தினார். அரசு இல்லை, அரியணை இல்லை, எனினும் அந்த ஒரு செயலால் தந்தையின் இடத்தில் நிற்பவர் யார் என்பது மக்கள் உள்ளத்தில் உறுதியாயிற்று. 1993ஆம் ஆண்டில் மன்னர் பதவி மீட்கப்பட்டபோது அவரே முடிசூடினார்.

காலப்போக்கில் இச்சடங்குகள் மாற்றம் பெற்றன. அராபிய வணிகரோடு இஸ்லாமும், 1877ஆம் ஆண்டிலும் 1879ஆம் ஆண்டிலும் வந்த பாதிரிமாரோடு கிறித்தவமும் பரவின. இன்று லும்பேச் சடங்கு பல வீடுகளில் தொழுகையோடோ திருப்பலியோடோ இணைந்து நடைபெறுகின்றது. வெண்துணியின்மேல் மரவுரியும் போர்த்தப்படுகின்றது. மது நீங்கிய வீடுகளிலும் முசிகா நிற்கும் வழக்கம் நீங்கவில்லை. பகண்டா முதலமைச்சர் அப்போலோ காக்வா தம் மக்களின் வழக்கங்களைத் தாய்மொழியில் தொகுத்து எழுதியமையும், அவர் துணையோடு பாதிரியார் ஜோன் ரொஸ்கோ 1911ஆம் ஆண்டில் ஆங்கில நூல் வெளியிட்டமையும், மாறியது எது, மாறாதது எது என்று ஒப்பிட்டு நோக்க இன்று துணைபுரிகின்றன.

ஆயினும் பாதிரிமார் போதனையினும் வன்மையாக இம்மரபைச் சோதித்தது ஒரு நோய். 1982ஆம் ஆண்டளவில் புகண்டாவின் தென்பகுதியிலுள்ள ரக்காய் மாவட்டத்து ஏரிக்கரைக் குடியிருப்புகளில் இனந்தெரியாத மெலிவு நோய் ஒன்று தோன்றியது. எயிட்ஸ் என்று பின்னர் அறியப்பட்ட அந்நோய் ஊர்தோறும் இளவயதினரைக் கொண்டு சென்றது. முன்பு எப்போதோ நேர்ந்த அடக்கம் வாரந்தோறும் நிகழலாயிற்று. ஒவ்வொரு சாவுக்கும் தோட்டவேலையை நிறுத்தினால் உயிரோடிருப்பவர் பட்டினி கிடக்க நேரும். ஆதலின் துக்க நாட்கள் சுருங்கின. அடக்கம் முடிந்த உடனேயே மக்கள் மண்வெட்டியை எடுத்தனர். பலருக்குரிய லும்பேயை ஒரே நாளில் சேர்த்துச் செய்யும் முறை பெருகியது. ஊரவர் சிறுதொகை சேர்த்துப் பாத்திரமும் உணவும் பணமும் கொடுத்து உதவும் சங்கங்கள் துக்க வீடுகளின் சுமையைத் தாங்கின. அவற்றின் பெயர் முன்னோ முகாபி. துன்பத்தில் நண்பன் என்பது பொருள். சடங்கைச் சுருக்கினர், ஆனால் எவரையும் வாரிசின்றி விட்டுவிட அவர்கள் மனம் இசையவில்லை. தாய்தந்தையரை இழந்த குழந்தைகளுக்கு அப்பா, அம்மா என்று அழைக்க ஒருவர் நிற்கவேண்டுமென்ற பழைய விதியின் அருமை அக்காலத்திலேதான் நன்கு உணரப்பட்டது.

இவ்விதிக்கு நிழற்பக்கமும் உண்டு. இடத்தைப் பெற்ற முசிகா, இடத்தோடு வீட்டையும் நிலத்தையும் தனதாக்கிக்கொண்டு, கணவனை இழந்தவளையும் அவள் மக்களையும் வெளியேற்றிய கொடுமைகள் பல நிகழ்ந்தன. குலத்தின் கண்ணுக்கு அவள் வேறு குலத்தவள் அல்லவா? இவற்றைத் தடுக்க உகண்டாச் சட்டம் படிப்படியாகத் திருத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் வழித்தோன்றல்களுக்கு நூற்றுக்கு 75 பங்கும், வாழ்க்கைத் துணைக்கு 20 பங்கும், சார்ந்து வாழ்ந்த உறவினர்க்கு 4 பங்கும் உரியன. மரபுவழி வாரிசுக்குக் கிடைப்பது 1 பங்கு. குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலிருந்து வாழ்க்கைத் துணையை வெளியேற்றுவதும் குற்றமாக்கப்பட்டது.

நூற்றில் ஒன்று மிகச் சிறு பங்கே. எனினும் அதனைச் சட்டம் முற்றாக நீக்கிவிடவில்லை என்பது கருதத்தக்கது. சொத்து ஒருபுறம், இடம் மறுபுறம் எனப் பிரித்து, சொத்தைத் துணைக்கும் மக்களுக்கும் கொடுத்து, இடத்தை வாரிசுக்கு விட்டுவைத்துள்ளது சட்டம். முசிகாவின் கையில் கொடுக்கப்பட்ட ஈட்டி காத்தற்குரியதேயன்றிக் கவர்தற்குரியதன்று என்று மூத்தோர் வாயிலில் நின்று சொல்லிவந்த கடமையையே அது எழுத்தில் வடித்துள்ளது எனலாம்.

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் இரவு கசுபி மாளிகை தீப்பற்றி எரிந்தது. மறுநாள் மக்கள் திரள்திரளாக வந்து, சாம்பலின் முன்னே மரவுரி அணிந்து, நெருங்கிய உறவினரை இழந்தவர்போல அழுதனர். பின்னர், பழைய முறைப்படியே புல் வேய்ந்து, கூரையின் உட்புறத்தில் குலங்களைக் குறிக்கும் வளையங்கள் அமைத்து, பல்லாண்டு உழைப்பால் அதனை மீண்டும் எழுப்பினர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஆபத்துக்குள்ளான மரபுச் செல்வங்களின் பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. எரிந்த வீட்டுக்கும் அவர்கள் ஒரு வாரிசை நிறுத்திவிட்டனர். வலும்பே கொல்லட்டும், ஆனால் அவனால் முடித்துவிட இயலாது என்று கிண்டு சொன்ன விடையைப் பகண்டா மக்கள் இன்றும் ஒவ்வொரு துக்க வீட்டு வாயிலிலும் திருப்பிச் சொல்லி வருகின்றனர்.